வாரியில் கிடந்த மஞ்சள் துணி

சிலந்தியை அடித்துக் கொல்வதில் எனக்கு ஓர் ஆனந்தம் இருந்தது. அதை மறைத்துப் பேச இப்போது அவசியமில்லை. பொங்கலுக்கு முன்னால் வீட்டு முகப்பில் ஒட்டடை அடிக்கும்போது வலையை மட்டும் சுருட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நான் அந்த ரகமில்லை. சன்ஷேடு மூலையில் ஒளிந்திருப்பதைத் தேடிப் பிடித்து, கம்பு நுனியில் கட்டிய துடைப்பத்தால் சுவரோடு வைத்து நசுக்குவேன். வெள்ளைச் சுவரில் பழுப்பாக ஒரு கோடு விழும். "பெயிண்டு அடிச்ச சுவத்துல ஏன் இப்படிக் கோலம் போடுறீங்க?" என்று மனைவி திட்டுவாள். காதில் போட்டுக்கொள்ள மாட்டேன். அடிக்கும்போது என் மனதில் இருந்தது சிலந்தி இல்லை, என் தம்பி.

பசுமலையில் எங்கள் அப்பா கட்டிய வீடு அது. அவர் போன பிறகு நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்தோம். தெற்குப் பாதி எனக்கு, வடக்குப் பாதி அவனுக்கு. பிரித்த அன்றைக்கு நான் அவன் சட்டையைப் பிடித்துக் கிழித்தேன், அவன் என் முன்பல்லை உடைத்தான். சமாதானம் பேச வந்திருந்தவர்கள் காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

எல்லாவற்றையும் பிரித்தோம், முன்பக்கத் தகரக் கூரையை மட்டும் பிரிக்க முடியவில்லை. இரண்டு வாசலுக்கும் சேர்த்துப் போட்ட ஒரே கூரை. மழைத்தண்ணீர் வடிவதற்கு அதன் விளிம்பு நெடுகத் தகரத்தை மடித்து ஒரு வாரி செய்திருந்தார்கள். தண்ணீரைக் கீழே இறக்கும் குழாய் தம்பி பக்கத்து மூலையில் இருந்தது. எதிர்வீட்டு வாதாமரம் உதிர்க்கிற இலையெல்லாம் அந்த வாரியில்தான் வந்து விழும். என் பாதியில் கிடப்பதை நான் கம்பால் தள்ளி அவன் பாதிக்கு அனுப்புவேன். அவன் அதை அள்ளிக்கொண்டு வந்து என் பாதியில் கொட்டுவான். ஒரு மழையில் அவன் சாக்கைத் திணித்துக் குழாயை அடைத்தான். தண்ணீர் என் பக்கம் திரும்பி, சுவர் வழியாக மீட்டர் பெட்டிக்குள் இறங்கியது. பதிலுக்கு நான் அழுகின இலையை அள்ளி அவன் பைக் சீட்டில் அப்பி வைத்தேன். நேரில் திட்டிக்கொள்ள முடியாதல்லவா, அதனால் பூச்சியைத் திட்டுவோம். "அண்டிப் பொழைக்கிற பூச்சிக்கு இம்புட்டுத் திமிரா!" என்று நான் சுவரைப் பார்த்துக் கத்துவேன். அவன் பக்கத்தில் துடைப்பம் தகரத்தைப் படார் படாரென்று அறையும்.

தம்பி கோரிப்பாளையத்தில் ஒரு கடையில் பரோட்டா மாஸ்டர். மாவை வீசி அடிக்கிற வலது கைதான் அவன் குடும்பத்துக்குச் சோறு போட்டது. அந்தக் கை போனால் அவனுக்கு வேறு வழி கிடையாது. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டைப் பிரித்த மூன்றாவது வருடம் ஐப்பசியில் என் மகளுக்கு டெங்கு வந்தது. ஒன்பது வயது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு கட்டத்தில் டாக்டர் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார். பிழைத்து வந்தாள். ஆனால் காய்ச்சல் விட்ட பிறகும் சோர்ந்தே கிடந்தாள், தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மனைவி மொட்டைமாடியில் உட்காரவைத்துச் சீவிவிடுவாள், உதிர்ந்த முடி காற்றில் பறக்கும். அந்த மழைக்காலம் முழுக்க வாரியை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாமியார் மனசு கேட்காமல் எங்களை எழுமலைப் பக்கம் குறி சொல்கிற ஒருவரிடம் கூட்டிப்போனார். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "செய்வினை. வச்ச ஆளு ரத்த சொந்தம். கூப்பிடு தூரத்துலதான் இருக்கான்" என்றார். நான் எம்.காம். படித்தவன். இருந்தும் நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது என்பதே உண்மை.

தை பிறக்க இரண்டு நாள் இருந்தது. ஒட்டடை அடிக்காமல் பொங்கல் வைக்க முடியாது என்பதால் இரண்டு வீட்டிலும் ஒரே காலையில் வேலை நடந்தது. அவன் தன் பக்கம் இரும்பு ஏணியைச் சாத்தி ஏறி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாரியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நான் என் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி வாரிக்குள் கையை விட்டேன். இலைச் சகதிக்கு நடுவே ஏதோ துணி விரலில் தட்டியது. வாரியைத் தாங்குகிற கொக்கியில் கட்டியிருந்ததைப் பிய்த்து எடுத்தேன். மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு. அதைச் சுற்றி ஒட்டடை, ஒட்டடையோடு சேர்ந்து சுருண்ட நீளமான முடி. என் மகளின் முடி.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "ஏண்டா, என்ன இது?" என்று கேட்டிருந்தால் போதும். மூன்று வருடமாக அவனிடம் பேசாத வாய்க்கு அது வரவில்லை. கம்போடு ஸ்டூலிலிருந்து குதித்தேன். நாலே எட்டில் போய், ஏணியின் காலைப் பிடித்து இழுத்தேன்.

அவன் கத்தவில்லை. ஏணி தகரத்தைக் கிழித்துக்கொண்டு சரிகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்ட் திட்டில் விழுந்த சத்தம். வலது கை உடம்புக்கு அடியில் மாட்டி, முழங்கைக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அப்போதும் நான் விடவில்லை. நெஞ்சில் காலை வைத்து, ஒட்டடைக் கம்பை ஓங்கி, "எம்பிள்ளையக் கொல்லவாடா பாத்த?" என்று கேட்டேன். மூன்று அடி அடித்தேன் என்று பிறகு தெருவில் சொன்னார்கள். எனக்கு ஓர் அடிதான் நினைவில் இருக்கிறது.

தம்பி மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்து என்னை இடித்துத் தள்ளினாள். என் கையிலிருந்த முடிச்சைப் பிடுங்கி, பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளே ஒரு ரூபாய்க் காசும் கொஞ்சம் திருநீறும் இருந்தன.

"ஒங்க மகளுக்காக முடிஞ்சு வச்ச காசு மாமா இது! நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, புள்ள பொழச்சு வந்தா மொட்டை போடுறேன்னு கருப்பசாமிக்கு வேண்டிக்கிட்டாரு. ஒங்க வீட்டுக்குள்ள வர முடியாதுல்ல? அதான் ஒங்க பக்கத்து வாரியில ஏறிக் கட்டுனாரு."

சொல்லிவிட்டுக் காசை என் முகத்தில் எறிந்தாள். கன்ன எலும்பில் பட்டுத் தெறித்தது. கல்லை எடுத்து எறிந்திருந்தாலும் நான் நகர்ந்திருக்க மாட்டேன்.

தம்பியைத் தூக்கிப்போட்ட ஆட்டோவில் ஏறப் போன என்னை அவள் காலால் உதைத்து இறக்கிவிட்டாள். பைக்கில் பின்னாலேயே போனேன். ஆஸ்பத்திரியில் ஒரு போலீஸ்காரர் நோட்டோடு வந்து, "எப்படிப்பா விழுந்த?" என்று தம்பியிடம் கேட்டார். நான் கதவோரம் நின்றேன். உண்மையைச் சொல்ல வேண்டிய நான் கதவுக் கொண்டியைத் திருகிக்கொண்டிருந்தேன். தம்பி மேலே மின்விசிறியைப் பார்த்தபடி, "ஒட்டடை அடிக்கையில வழுக்கிட்டேன் சார்" என்றான். மன்னித்துவிட்டான் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவன் என் பக்கம் திரும்பவேயில்லை.

கைக்குள் தகடு வைத்தார்கள். மாவு வீசுகிற வேலை போயிற்று. மாசியில் கட்டுப் போட்ட கையோடு கோயிலுக்குப் போய், என் மகளுக்காக மொட்டை போட்டுக்கொண்டு வந்தான். இப்போது அதே கடையில் இடது கையால் பார்சல் கட்டுகிறான். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அவமானமாக இருக்கும். அதைவிட, என் கைகளை நினைத்துப் பயமாக இருக்கும்.

இந்தப் பொங்கலுக்கு வாரி முழுவதையும் நானே சுத்தம் செய்வது என்று முடிவு செய்தேன். அவனுடைய இரும்பு ஏணி அன்றிலிருந்து யாரும் தொடாமல் சுவரோரம் கிடந்தது. கேட்காமலே எடுத்து, அவன் பக்கம் சாத்தி ஏறினேன். குழாய் வாயில் அடைத்திருந்த இலையை இழுத்துக்கொண்டிருந்தபோது கீழே கதவு திறந்தது. தம்பி வந்து, இடது கையால் ஏணியைப் பிடித்தான்.

நான் அசையவில்லை. கீழே அதே சிமெண்ட் திட்டு தெரிந்தது. அவன் ஏணியை ஓர் உலுக்கு உலுக்கினான். தகரத்தின் விளிம்பைப் பற்றினேன், உள்ளங்கை கிழிந்து ரத்தம் மணிக்கட்டு வழியாக வழிந்தது.

"பயமா இருக்காண்ணே?" என்றான். நாலு வருடத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"இருக்குடா."

"எனக்கு அன்னைக்குப் பயப்படக்கூட நேரம் கெடைக்கல."

பிறகு ஏணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அந்த மூலையில இன்னும் கெடக்கு, எடு" என்றான். எடுத்தேன். நான் இறங்கும் வரை அவன் பிடியை விடவில்லை. விட்டுவிடுவானோ என்று ஒவ்வொரு படியிலும் குனிந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டேதான் இறங்கினேன்.