பன்னிரண்டு நிமிஷம் முந்திய மொறிஸ்

தெல்கஸ்தென்ன தோட்டத்தில் மணி பன்னிரண்டு நிமிஷம் முந்தி ஓடும். எந்தக் காலத்திலோ ஒரு துரை, தேயிலைக் கொழுந்து லொறி பிந்துகிறது என்று ஃபெக்டரிக் கடிகாரத்தை முன்னால் தள்ளிவைத்தார். அவர் போய், அவருக்குப் பின் பத்துத் துரைமார் வந்து போய்விட்டார்கள். கடிகாரத்தை மட்டும் யாரும் திருப்பி வைக்கவில்லை. கைபேசி வந்த பிறகும் லயத்து வரிசை வீட்டு மக்களுக்கு ஃபெக்டரிச் சங்கு ஊதினால்தான் மணி. சுவர்க் கடிகாரங்களும் மாதா கோயில் மணியும்கூட அதன்படிதான். கொடகவெலயிலிருந்து பூசைக்கு வரும் ஃபாதருக்கு 'பிந்துற ஃபாதர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. பாவம் மனுஷன், ஒரு நாளும் பிந்தியதில்லை.

அந்தக் கடிகாரத்துக்குத் திங்கட்கிழமை தோறும் சாவி கொடுப்பவர் ரெஜினோல்ட், ஃபெக்டரி ஃபிட்டர். வயது ஐம்பத்துமூன்று. கை தங்கமான கை, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். தோட்டத்து டாக்டரின் பழைய மொறிஸ் மைனர் கார் றப்பர் புகைக்கூடத்துக்குப் பின்னால் கோழி முட்டையிடக் கிடந்தது. அதை வாங்கி, ஆறு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்னக்கொடுத்து ஓடவைத்தார். மனைவி சுகந்தி சீட் உறை தைத்தாள். மகள் ஜெனிற்றா பள்ளிக்கூட வயதிலிருந்தே உப்புத்தாள் பிடித்துத் துரு தேய்த்தாள். டேஷ்போர்ட் கடிகாரத்தை ரெஜினோல்ட் தனியே கழற்றிப் பழுதுபார்த்து, ஃபெக்டரி மணிக்குச் சரியாக வைத்தார். அந்தக் கடிகாரத்தில் அவருக்குத் தனிப் பெருமை.

போன வருஷம் கொழும்புப் பழைய கார்க்காரர்கள் நடத்தும் ரெலியில் முதல்முறையாகக் கலந்துகொண்டார்கள். இது ஓட்டப்பந்தயம் அல்ல. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அட்டையில் ஒரு நேரம் அச்சடித்திருக்கும்; அந்த நிமிஷத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினால் ஒரு புள்ளி போகும், முந்தினால் இரண்டு போகும். அப்பன் ஓட்ட, மகள் பக்கத்தில் இருந்து வழியும் நேரமும் சொல்ல, மூன்றாம் இடத்துக் கோப்பை கிடைத்தது.

ரெஜினோல்ட் அந்தக் கோப்பையை மாதா கோயில் திருநாளுக்கே தூக்கிக்கொண்டு போனார். "நான் ஓட்டினேன். இவ பக்கத்துல ஒக்காந்து கடதாசி வாசிச்சா, அவ்வளவுதான்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிச் சிரித்தார். ஜெனிற்றா சிரிக்கவில்லை. வழியெல்லாம் அவர் அவள்மேல் கத்தியதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவருக்கு ஒரு தம்பி, சாள்ஸ். கட்டாரில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு வந்து கொடகவெலயில் டயர்க் கடை போட்டவன். பிள்ளைகள் இல்லை. தம்பியுடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். ரெஜினோல்ட் அஞ்சியதே தம்பிக்குத்தான். இவர் சைக்கிள் வாங்கினால் அவன் மோட்டார்சைக்கிள் வாங்குவான், அதுவும் அண்ணன்மேல் உள்ள ஆசையில் வாங்குவான். அதுதான் தாங்கமுடியாதது. மொறிஸைப் பார்த்து ஆசைப்பட்டு அவனும் ஒரு பச்சை ஒஸ்டின் வாங்கிப் பிரித்துப் போட்டான். "அண்ணே, நீங்கதான் எனக்குக் குரு" என்றான். ரெஜினோல்ட்டுக்கு வயிறு எரிந்தது.

எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது மகள்தான். கொடகவெல மருந்துக் கடையில் வேலை அவளுக்கு. வேலை முடிந்ததும் நேரே சித்தப்பாவின் கடைக்குப் போனாள். பொழுதுபட வீட்டுக்கு வருகிற மகளின் நகக்கண்ணில் பச்சைப் பெயின்ட் இருக்கும். மொறிஸ் சாம்பல் நிறம். அந்தப் பச்சையைப் பார்க்கும்போதெல்லாம் ரெஜினோல்ட்டுக்குச் சோறு இறங்காது. தன் பிள்ளை இன்னொருவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தமாதிரி இருக்கும்.

இந்த வருஷ ரெலிக்குப் பெயர் கொடுக்கும் நாளில் அவள் சொன்னாள்: "அப்பா, நான் சித்தப்பா வண்டியில போறேன்."

"ஏன், நம்ம வண்டியில முள்ளா குத்துது?"

"சித்தப்பா என்னக் கேட்டு ஓட்டுவாரு. நீங்க கேக்கமாட்டீங்க."

ரெஜினோல்ட் மனசுக்குள் சபதம் போட்டார். ஒஸ்டினை முந்தவேண்டும், கோப்பையோடு நிற்கவேண்டும், மகள் தானே வந்து மொறிஸின் இடது கதவைத் திறக்கவேண்டும். கோப்பைகூட வேண்டாம், அந்தக் கதவு திறந்தால் போதும். இடது சீட்டுக்கு இந்த முறை சுகந்தியை ஏற்றினார். கலவான பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே சங்கு சரியான நேரத்துக்கு ஊதும். ஆனால் வளைவு கண்டால் அவளுக்கு வயிற்றைப் பிரட்டும். புளிப்பு மிட்டாய் ஒரு பொட்டலம் மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

ரெலி நாள் காலை கொடகவெல மைதானத்தில் எல்லோருடைய கைபேசியையும் உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள். பிறகு ஓட்டுநர்களையும் வழிகாட்டிகளையும் கடிகாரம் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். ரெஜினோல்ட் இரண்டு எட்டு வைத்தார். முன்வரிசையில் சாள்ஸ் நின்றான். ஜெனிற்றா அவன் தோளில் கைவைத்துக்கொண்டு எதையோ காட்டிச் சிரித்தாள். இவரிடம் அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலம்! காலைத் திருப்பிக்கொண்டு வண்டிக்கே வந்துவிட்டார்.

"கூப்பிடுறாங்கங்க" என்றாள் சுகந்தி.

"என் கடிகாரத்த எவன் சரிபாக்கிறது? தோட்டத்துக்கே மணி குடுக்கிறவன் நான்."

அட்டையில் அவர்கள் புறப்படும் நேரம் எட்டுப் பதினைந்து. கொடி அசைந்தபோது மொறிஸின் கடிகாரம் எட்டு இருபத்தேழு காட்டியது. ரெஜினோல்ட் ஸ்டியரிங்கில் ஒரு குத்து விட்டார். "பாத்தியா, பன்னெண்டு நிமிஷம் லேட்டா விடுறானுங்க. கொழும்புக்காரனுங்களுக்கு எப்ப நேரம் தெரிஞ்சிருக்கு!"

"கொடி பிடிச்ச பொடியன் கையில எட்டே காலுன்னுதானே இருந்துச்சு?"

"நீ ரோட்டப் பாரு."

போன பன்னிரண்டு நிமிஷத்தைப் பிடிக்க மொறிஸ் பறந்தது. பதறாத காரியம் சிதறாது என்று யாரும் பக்கத்தில் இருந்து சொல்லவில்லை; சொல்லியிருக்கக்கூடியவளின் வாயில் மிட்டாய். முன்னால் போன நாலு வண்டிகளை ரக்வானை ஏறுவதற்குள் தாண்டினார். ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் நெஞ்சுக்குள் தண்ணீர்ச் சட்டி கவிழ்த்த மாதிரி ஒரு குளிர்ச்சி.

முதல் நிறுத்தத்துக்கு ஒரு வளைவு இருக்கும்போது, பலாமரத்தடியில் பச்சை ஒஸ்டின் நின்றது. எஞ்சின் ஓடவில்லை. சாள்ஸ் இறங்கி பொனட்டில் சாய்ந்துகொண்டிருந்தான். மொறிஸைக் கண்டதும் ஜெனிற்றா ரோட்டோரத்துக்கு ஓடிவந்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

"பிள்ள கூப்பிடுதுங்க! நிறுத்துங்க!"

ரெஜினோல்ட்டின் கால் பிரேக்குக்குப் போனது. போய், அங்கேயே நின்றது.

"வண்டி படுத்துடுச்சு போல" என்றார். "கெடக்கட்டும். சித்தப்பன் அவளக் கேட்டு ஓட்டட்டும்."

நீளமாக ஹோன் அடித்துக்கொண்டு போனார். கண்ணாடியில் மகள் சின்னதாகிப் போவதைப் பார்த்தார். சந்தோஷப்பட்டார் என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது, சந்தோஷந்தான் பட்டார். சுகந்தி மிட்டாயைத் துப்பிவிட்டு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

மூன்று நிறுத்தங்களிலும் மொறிஸின் கடிகாரப்படி நிமிஷம் பிசகாமல் சேர்ந்தார். அட்டையில் நேரம் குறித்த பொடியன்மார் தலையைத் தூக்கி ஒரு தடவை அவரைப் பார்த்தார்கள். "ஹரி, அய்யே, யன்ன" என்று சிங்களத்தில் சரி சொல்லி அனுப்பிவைத்தார்கள். அவர் அந்தப் பார்வையைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

கலவானயில் பள்ளிக்கூட மைதானத்தில் பெறுபேற்றை ஒட்டினார்கள். ரெஜினோல்ட் மேலிருந்து வாசித்தார். இரண்டாவது இடத்தில் ஒஸ்டின். எப்படி? படுத்த வண்டி எப்படி இரண்டாவது வரும்? விரலை இறக்கிக்கொண்டே போனார். கடைசி வரியில் மொறிஸ் இருந்தது. மூன்று நிறுத்தத்திலும் பன்னிரண்டு நிமிஷம் முந்தி, போன புள்ளி எழுபத்திரண்டு.

பன்னிரண்டு என்ற எண்ணைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. சாவி கொடுத்த கை அல்லவா!

மொறிஸுக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது ஜெனிற்றா வந்தாள். கோப்பையைச் சித்தப்பாவிடமே கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"காலையில கடிகாரம் பாக்க நீங்க வரல. அப்பவே நெனச்சேன். போன வருஷம் நாந்தான் பன்னெண்டு நிமிஷம் பின்னால திருப்பி வெச்சேன். முடிஞ்சதும் மறுபடி தோட்டத்து நேரத்துக்கே மாத்திட்டேன், நீங்க சத்தம் போடுவீங்கன்னு."

கோயில் திருநாளில் தாம் சொன்னது ரெஜினோல்ட்டின் காதிலேயே கேட்டது.

"அதச் சொல்லத்தானே கை காட்டினேன். நாங்க நேரம் வர்றதுக்காக மரத்தடியில நின்னோம். ஏன்ப்பா நிக்கல?"

காணவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சுகந்தி பக்கத்தில் நின்றாள்.

"ஒங்க வண்டி படுத்துடுச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

ஜெனிற்றா அவர் முகத்தையே பார்த்தாள்.

"அப்புடி நெனச்சுக்கிட்டேவா போனீங்க?"

சாள்ஸ் நாலு சோற்றுப் பார்சலோடு வந்து, "அண்ணே, சாப்பிடுங்க, ஆறிப்போகுது" என்றான். அவன் குரலில் கள்ளம் ஒரு துளி இல்லை. அப்போதும் ரெஜினோல்ட்டுக்கு அவன்மேல் பொறாமை வந்தது. இந்த முறை வண்டிக்காக அல்ல, கள்ளம் இல்லாததற்காக.

சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஜெனிற்றா மொறிஸுக்குத்தான் வந்தாள். பின்கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சுகந்தி முன்னால் ஏறினாள்.

ரெஜினோல்ட் சாவியைத் திருகுமுன் டேஷ்போர்ட்டுக்குக் கை நீட்டினார். கடிகாரத்தின் குமிழைப் பிடித்து, முள்ளைப் பின்னால் திருப்பப் போனார்.

"விடுங்கப்பா" என்றாள் ஜெனிற்றா பின்னாலிருந்து. "வீட்டுக்குத்தானே போறோம்."