கீபோர்டு இறங்காத வேன்

ஆறு மணிக்கு வந்த வேனிலிருந்து எட்டு ஸ்பீக்கர் பெட்டிகள் இறங்கின. டிரம்ஸ் இறங்கியது. பளபள உடுப்பில் பாடகர்கள் மூன்று பேர் இறங்கினார்கள். கீபோர்டு மட்டும் இறங்கவில்லை.

தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நான் மேனேஜராகச் சேர்ந்து அது இரண்டாவது வருஷம். பத்தாவது வரைதான் படிப்பு. காலையில் காசிவிசுவநாதரைக் கும்பிட்டுவிட்டுத்தான் மண்டபச் சாவியைத் தொடுவேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அன்று நான் செய்த தப்பைச் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம். பெண்ணின் அப்பா முத்துப்பாண்டி அண்ணாச்சிக்கு பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி. மாப்பிள்ளையின் அப்பா சிவகிரிக்காரர், போலீஸில் இருந்து ரிட்டயர்டு ஆனவர். நிச்சயதார்த்தத்தில் அவர், "ரிசப்ஷனுக்குக் கச்சேரி வைக்கதெல்லாம் ஒங்களுக்குத் தோதுப்படுமா? நாங்க வேணா பாத்துக்கிடுதோம்" என்று இளக்காரமாகக் கேட்டிருக்கிறார். "பொண்ணப் பெத்தவன் நான் வைக்கேன். வந்து கேளுங்க" என்று அண்ணாச்சி சபையில் வாக்குக் கொடுத்துவிட்டார்.

குழுவைச் சிபாரிசு செய்தது நான். ஒரு அம்மன் கோவில் கொடை விழாவில் அவர்கள் பாடியதைக் கேட்டு எனக்கு மெய்சிலிர்த்திருந்தது. வேறு எதையும் விசாரிக்கவில்லை.

"கீபோர்டு எங்கப்பா?" என்று குழுத் தலைவரைக் கேட்டேன்.

"ராஜன் அண்ணன் குற்றாலத்துல ஒரு மண்டபத்துல வாசிச்சு முடிச்சிட்டு வந்துக்கிட்டே இருக்காரு. சீசன் டிராபிக்லா? அதுவரைக்கும் டிராக் போட்டுப் பாடுதோம். யாருக்குத் தெரியப் போவுது?"

டிராக் என்றால் முன்பே பதிந்து வைத்த வாத்திய இசை. அதை ஓடவிட்டு மேலே பாடுவது.

பின்னால் நின்ற அண்ணாச்சி கேட்டுவிட்டார். "ஏலே, கச்சேரின்னு ஊரைக் கூட்டிட்டு பென்டிரைவையாலே மேடையேத்தப் போறிய? சம்பந்தி சிரிச்சே என்னைக் கொன்னுருவாரு!" என் பக்கம் திரும்பினார். "நீரு சொன்ன ஆளுகதானவே?"

குற்றாலத்தில் எந்த மண்டபம் என்று குழுத் தலைவரிடம் கேட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன். ஐந்து கிலோமீட்டர்தான். சாரல் முகத்தில் அடித்தது. அருவியில் குளித்த ஈரத்தோடு நடுரோட்டில் நடக்கும் கூட்டம், சிப்ஸ் கடை வாசலில் மறித்து நிற்கும் வேன்கள். 'குற்றாலநாதா, வழி விடப்பா' என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டு போனேன்.

ராஜன் டிராபிக்கில் இல்லை. அந்த மண்டபத்து மேடையில், இன்னொரு ரிசப்ஷனில், ஜம்மென்று வாசித்துக்கொண்டிருந்தார்! பாட்டு முடிந்ததும் மேடையோரம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏழரை வரைக்கும் இங்கன, எட்டுக்குத்தான் அங்கன வர முடியும்னு அவன்கிட்ட அப்பமே சொல்லிட்டேனே! இந்த வட்டாரத்துல எல்லாக் குழுவுக்கும் நாங்க நாலஞ்சு பேருதான் அண்ணாச்சி கீபோர்டு. பேனர்லதான் பேரு வேற வேற."

"இப்பமே எறங்கி வாங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"இங்கனயும் ஒரு பொண்ணுக்குத்தான அண்ணாச்சி கல்யாணம்? பாதியில எறங்க மாட்டேன். எட்டு மணிக்கு அங்கன இருப்பேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. மறு நிமிஷம் நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. முன்பின் தெரியாத வீட்டுக் கல்யாணத்தைப் பாதியில் விடாத மனுஷன், நம் கல்யாணத்தையும் விட மாட்டான்.

முத்துப்பாண்டி அண்ணாச்சிக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன்.

"எட்டு மணி சத்தியமாவே?"

"சத்தியமா அண்ணாச்சி. பந்திய மொதல்ல போட்டுருங்க. தாம்பூலப் பைய மட்டும் ஒருத்தருக்கும் குடுத்துராதிய."

நம்ம பக்கம் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவார்கள். ஆனால் தேங்காய் போட்ட அந்தப் பையை வாங்காமல் ஒருவரும் படி இறங்க மாட்டார்கள்.

ஏழரைக்கு ராஜன் கடைசிப் பாட்டை முடித்தார். கீபோர்டுக்கு பிளாஸ்டிக் உறை சுற்றி முதுகில் மாட்டிக்கொண்டு என் பின்னால் ஏறினார். எட்டு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது மண்டபத்துக்குள் நுழைந்தோம். ஒரு நாற்காலி காலியில்லை! வயிறு நிறைந்த சனம் பைக்காகக் காத்திருந்தது. ராஜன் பிள்ளையார் பாட்டுக்கு விரலை வைத்தார். மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. மூன்றாவது பாட்டுக்குச் சின்னப் பிள்ளைகளெல்லாம் மேடை முன்னால் ஆட்டம். பை கொடுக்கத் தொடங்கிய பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

போலீஸ் சம்பந்தி அண்ணாச்சியின் தோளில் தட்டினார். "சோத்தப் போட்டு உக்கார வச்சுப் பாட்டுப் போடுதீரே! வெவரமான ஆளுதான்வே நீரு."

அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அதற்குப் பிறகு எந்தக் குழு வந்தாலும் பேனரையும் வீடியோவையும் நான் பார்ப்பதில்லை. "கீபோர்டு யாரு? அன்னைக்கு அவரு வேற எங்கன வாசிக்காரு?" என்று கேட்டு, அந்த ஆளிடமே போனில் பேசிவிடுவேன். எல்லாவற்றுக்கும் சரி சரி என்கிறவரைவிட, 'அந்த நேரம் முடியாது' என்று சொல்கிறவரை நம்பலாம்.

என் மகளுக்கு முகூர்த்தம் குறித்ததும் ராஜனைக் கூப்பிட்டேன்.

"அன்னைக்கு வேற எடத்துல ஒத்துக்கிட்டேனே அண்ணாச்சி."

முகூர்த்தத்தை மாற்ற முடியாது. ரிசப்ஷனை மறுநாள் சாயங்காலத்துக்கு வைத்துக்கொண்டேன்.