கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. 1983 நவம்பர் 2, புதன்கிழமை, அரியலூரில்.

டீச்சர் அமலோற்பவமேரி ஒரு பள்ளிக்கூடத்தின் சின்ன அருங்காட்சியகத்தையும் கவனித்துக்கொண்டிருந்தாள். இங்கே கடல் இருந்த காலத்தில் வாழ்ந்து கல்லாய்ப்போன நத்தைகளுக்கு நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் நீல ரிப்பன் கட்டிய பதக்கம். 1896 ஒலிம்பிக்கில் நீந்தி வென்ற ஹங்கேரிக்காரரின் பதக்கத்தின் நகல். அவருடைய சின்ன வயதில் அப்பா ஆற்றில் மூழ்கி இறந்தார், அன்றே தான் நல்ல நீச்சல்காரனாவது என்று அவர் முடிவெடுத்தார் என்று கீழே எழுதியிருந்தது. அந்த வரியை அவள் தினமும் படிப்பாள்.

அவள் தம்பி அருளானந்தம் இரண்டு வருஷத்துக்கு முன் கொள்ளிட வெள்ளத்தில் போனவன். உடல் கிடைக்கவில்லை.

அன்று கல்லறைத் திருநாள். அவர்கள் ஊரான ஏலாக்குறிச்சியே மெழுகுவத்தியோடு கல்லறைக்குக் கிளம்பியது. அம்மா அற்புதம்மாள் மட்டும் அசையவில்லை.

"உசுரோட இருக்கிறவனுக்கு யாராச்சும் மெழுகுவத்தி ஏத்துவாங்களாடி? நீச்சல் தெரிஞ்ச புள்ள. வந்துடுவான்."

மாலை 5.10. பூட்டுகிற நேரம். அமலோற்பவமேரி பெட்டியின் முன்னால் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். தம்பிக்கென்று வேறு இடம் இல்லை.

5.14. கண்ணாடியில் ஈரம் படர்ந்தது. துடைத்தாள். போகவில்லை. ஈரம் உள்பக்கம்.

காவலாளி கொளஞ்சியப்பன் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க டீச்சர், பொட்டிக்குள்ள மீன் வளக்கிறீங்களா?"

சிரித்தபடி போய்விட்டார்.

சொட்… சொட்…

வெளியே மழை இல்லை. கூரை காய்ந்திருந்தது. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்திருக்கும் என்று தனக்கே பாடம் சொல்லிக்கொண்டாள். ஆனால் தண்ணீர் ரிப்பனிலிருந்து ஒழுகியது.

ஆற்று வாசனை…

5.20. மெழுகுவத்தி அணைந்தது. காற்றே இல்லை.

மறுபடி ஏற்றினாள்.

பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி அவள் இடுப்பில்.

உள்ளே ஒரு பிடி மணல்.

பதக்கம் இல்லை.

அடுத்த சித்திரையில் கொள்ளிடம் வற்றியது. மணல் அள்ளியவர்கள் நாலடி ஆழத்தில் எலும்புகளைக் கண்டார்கள். கழுத்தில் கிடந்த சிலுவை அருளானந்தத்துடையது. விரல் எலும்புகளுக்குள் நீல ரிப்பன் கட்டிய ஒரு பதக்கம்.

அம்மா பதக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு புடவைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு, "வந்துட்டான்" என்றாள். "மெழுகுவத்தி எடுடி."

அமலோற்பவமேரி ரிப்பனை விரித்துப் பார்த்தாள். அதில் ஒரு சொட்டு மெழுகு உறைந்திருந்தது.

அன்று அவள் ஏற்றியது கண்ணாடிக்கு வெளியே.