முனிக்கல்லுக்குப் பூசிய சுண்ணாம்பு

போன வருடம் நான் ஒரு கல்லைக் கண்டுபிடித்தேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் கல். என்னிடம் இருந்தது போன் மட்டும்தான். இணையத்தில் ஒரு தன்னார்வக் குழு, வானத்தின் ஒரே துண்டை விட்டுவிட்டு எடுத்த படங்களை அனுப்பும். மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். நட்சத்திரங்கள் நின்ற இடத்தில் நிற்கும். நகர்கிற புள்ளிதான் கல். அவ்வளவுதான் வித்தை.

பிறகு பெரிய தொலைநோக்கிகளால் பார்த்தார்கள். வெளிச்சம் கூடிக் குறைவதை வைத்து, அது நீளமான கல், சுழன்றுகொண்டே போகிறது என்றார்கள். கரி மாதிரிக் கறுப்பாம். மங்கலாகத் தெரிந்தாலும் பெரியதாம். பூமிக்கு ஆபத்தில்லையாம்.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே நிற்கும் கல்லை எவனும் அளந்ததில்லை.

நமுனுகுல மலைச் சரிவில் இருக்கும் அதற்கு முனிக்கல் என்று பெயர். ஒவ்வொரு திருவிழாவுக்கும் வெடிப்புகளைச் சுண்ணாம்பால் அடைத்து வெள்ளையடிப்போம். சாமி முகத்தில் வெடிப்பு இருக்கக் கூடாதாம். அது வளர்கிறதா என்று எப்படித் தெரியும்? நாங்களே மூடிவிடுகிறோமே.

இந்த மழையில் லயத்தில் எங்கள் அறையான காம்பராவின் சுவர் விரிசல் விட்டது. போனில் நான் எடுத்திருந்த இரண்டு வருடத் திருவிழாப் படங்களைத் திறந்து, வானத்தைப் பார்த்தது போலவே மாற்றி மாற்றிப் பார்த்தேன். போன வருடம் கல்லுக்குப் பின்னால் சவுக்கு மரம் முழுதாகத் தெரிந்தது. இந்த வருடம் பாதியைக் கல் மறைத்திருந்தது.

தோட்டத் தலைவரிடம் காட்டினேன். சிரித்தார்.

"முனி நகருதா? வானத்தையே பாத்துப் பாத்து ஒனக்குக் கண்ணு ஓடுது தங்கச்சி. நீ தள்ளி நின்னு எடுத்திருப்ப."

"ரெண்டு படத்துலயும் முனிக்கு முன்னால உள்ள வெளக்குத் தூணு அதே எடத்துலதான் இருக்குண்ணே. கல்லுதான் அதே எடத்துல இல்ல."

"சாமி நம்மள விட்டுட்டு எங்க போகும்?"

"எங்கயும் போகாது. நம்ம தலையிலதான் வந்து ஒக்காரும்."

தோட்ட ஆபீசில், மழை விட்டதும் அதிகாரி வந்து பார்ப்பார் என்றார்கள். மழை விட்டதும்! மாமியாரோ முனியை விட்டு நகர மாட்டேன் என்றார்.

குழி தோண்டும் அலவாங்குக் கம்பியை எடுத்துப் போய்ச் சுண்ணாம்பைக் கொத்தினேன். லயமே கூடித் திட்டியது. "வெளங்காமப் போயிருவ!" என்று மாமியார் கத்தினார். சுண்ணாம்பு பாளமாக விழுந்ததும் உள்ளே வாய் பிளந்த வெடிப்பு தெரிந்தது. மாமியார் வெடிப்புக்குள் கையை விட்டார். முழங்கை வரை போனது. வெளியே எடுத்தவர், இறங்கிப் போய்த் துணிகளை மூட்டை கட்டினார். எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டோம்.

இப்போது வெயில். அதிகாரி வரவில்லை. பள்ளிக்கூடம் தொடங்க வேண்டும், லயத்துக்குத் திரும்புங்கள் என்கிறது ஆபீஸ். கல்தான் விழவில்லையே என்று எங்கள் ஆட்களும் மூட்டை கட்டுகிறார்கள்.

இன்று காலை விளக்குத் தூண் படத்தில் அதே இடத்தில் விழும்படி நின்று இன்னொரு படம் எடுத்தேன். சவுக்கு மரம் தெரியவே இல்லை.