கையெழுத்துப் போடாதவர்கள்

எங்கள் மாலுமிகள் இல்லத்தின் ஆண்டறிக்கையில் மூன்று தலைப்புகள்தான் உண்டு: பயணம், வாசிப்பு, பொழுதுபோக்கு. பயணம் என்றால், துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கியவர்களை வேனில் ஏற்றி ஊருக்குள் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டது. வாசிப்பு என்றால், அலமாரியில் இருந்து எடுத்துக் கொடுத்த புத்தகங்கள். பொழுதுபோக்கு என்றால், ஹாலில் கிடக்கும் கேரம் போர்டு, ஒரு டி.வி., இரண்டு கம்பி அறுந்த கிதார். ஒவ்வொரு டிசம்பரிலும் வேன் ஓட்டுகிற வேதமணி அண்ணாச்சி இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு பத்தி எழுதி கமிட்டியில் வாசிப்பார். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு டீ குடிப்பார்கள்.

போன டிசம்பரில் அப்படி இல்லை. செயலாளர் ஜெயசிங் ஐயா மாதத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். "வேதமணி, இந்த வருச அறிக்கைய வச்சுத்தான் முடிவு எடுக்கப்போறோம். வேனை வித்துட்டு ஹாலை மட்டும் வச்சுக்கிடலாம்னு ரெண்டு பேரு சொல்லுதாங்க. பாத்து எழுதுங்க."

வேன் போனால் அண்ணாச்சியும் போக வேண்டியதுதான். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அந்த வயதில் டிரெய்லர் லாரிக்குத் திரும்பிப் போக முடியாது. முதுகு ஏற்கெனவே போய்விட்டது.

நான் அந்த இல்லத்தில் ஒன்பது வருடம் கூட்டிப் பெருக்கி, டீ போட்டுக் கொடுத்து வந்தேன். ஆழ்வார்திருநகரிப் பக்கம் பிறந்து, எட்டாம் வகுப்போடு நின்று, கல்யாணமாகி முத்தையாபுரத்துக்கு வந்தவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அதனாலேயே பார்ப்பது அதிகம். அண்ணாச்சியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பார்த்துத் தெரிந்ததுதான்.

அவர் நாசரேத்துக்காரர். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். இவர் பி.ஏ. படித்து, வேலை கிடைக்காமல் டிரெய்லர் ஓட்டி, பிறகு இல்லத்துக்கு வந்து பதினாறு வருடம் ஆயிற்று. தினமும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். நிலக்கரிக் கப்பல் நிற்கும் இடத்துக்குள் போய்வந்தால் மத்தியானத்துக்குள் காலர் கறுத்துவிடும். மறுநாளும் வெள்ளைதான். "வேற கலர் போட்டா என்ன அண்ணாச்சி" என்று ஒருநாள் கேட்டேன். "அழுக்கு தெரியணும்லா. தெரிஞ்சாத்தான தொவைப்போம்" என்றார்.

பொய் என்றால் அவருக்கு உடம்பு கூசும். ஒருமுறை அவர் வராத நாளில் வருகைப் பதிவேட்டில் யாரோ அவருக்கும் சேர்த்து 'வந்தார்' என்று போட்டுவிட்டார்கள். அதை அடித்துத் திருத்தச் சொல்வதற்காகவே ஜெயசிங் ஐயா வீடு வரைக்கும் பஸ்ஸில் போய் வந்தார். ஐயாவின் சம்சாரம் இதற்காகவா வந்தீர்கள் என்று சிரித்து, காப்பி கொடுத்து அனுப்பினார்களாம். அவர் அதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

நான் சேர்ந்த புதிதில் சாயங்காலமானால் ஹாலில் இருக்க இடம் கிடைக்காது. பிலிப்பைன்ஸ்காரர்கள் பாடுவார்கள். உக்ரைன்காரர்கள் மூலையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் சதுரங்கம் ஆடுவார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் குறைந்தது. கன்டெய்னர்ப் பெட்டிக் கப்பல் ஒரே நாளில் சரக்கை இறக்கி ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. இறங்க நேரமில்லை. நேரம் இருக்கிறவர்களுக்கு ஷோர் பாஸ் கிடைப்பதில்லை. அந்தச் சீட்டு இல்லாமல் துறைமுக வாசலைத் தாண்ட முடியாது. கிடைத்தாலும் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டு கப்பல் அறையிலேயே படுத்துவிடுகிறார்கள்.

அதனால் அண்ணாச்சி உள்ளே போக ஆரம்பித்தார். அவரிடம் துறைமுகப் பாஸ் இருந்தது. காலை ஒன்பது மணிக்கு நான் பெரிய பிளாஸ்க்கில் டீ ஊற்றி, பையில் டம்ளர்களை அடுக்கி, சாக்கில் புத்தகங்களைப் போட்டுக் கொடுப்பேன். அவர் ஒவ்வொரு கப்பலாகப் போய் ஏணியடியில் நிற்பார். இறங்க முடியாதவர்கள் மேலே இருந்து கயிற்றில் வாளியைக் கட்டி விடுவார்கள். புத்தகம் வாளியில் ஏறும். படித்து முடித்த புத்தகம் வாளியில் இறங்கும். ஊருக்குள் வாங்க வேண்டிய சாமானுக்குச் சீட்டும் இறங்கும்: சவரப் பிளேடு, பல்வலி மாத்திரை, ஒரு கிலோ மக்ரூன். போன வருடம் முழுவதும் வேன் ஓடிக்கொண்டேதான் இருந்தது. உள்ளே ஆள் இல்லை, பைகள் இருந்தன.

சரக்கு எண்ணுகிற சுடலைராஜ் அவரை வம்புக்கு இழுப்பானாம். "என்ன அண்ணாச்சி, பொஸ்தகம் வித்துப் பங்களா கட்டியாச்சா?"

"கட்டியாச்சு வே. கூரை மட்டும் பாக்கி."

"பால் காய்ச்சுக்குக் கூப்பிடுங்க."

"பால நீ கொண்டா. அடுப்ப நான் கொண்டாரேன்."

மத்தியானம் வந்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு இதையெல்லாம் சொல்வார். சொல்லும்போதே கண் சொருகும். நான் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே கேட்பேன்.

ஏப்ரலில் ஒரு பழைய கப்பல் வந்து மாட்டிக்கொண்டது. முதலாளிக்கும் யாருக்கோ வழக்கு. பதினொரு மியான்மர்காரர்கள் ஏழு வாரம் இறங்க முடியாமல் கிடந்தார்கள். அண்ணாச்சி தினமும் அங்கே போனார். ஒருநாள் வந்து, "ஏளா செல்வி, ஒருத்தன் கணக்குப் பொஸ்தகம் கேக்கான்" என்றார்.

"என்ன கணக்கு?"

"பிள்ளைங்க படிக்கிற கணக்குதான். கூட்டல், பெருக்கல். போனைப் பாத்தா வீட்டு நெனப்பு வந்திருதாம். கணக்குப் போட்டா வரலியாம்."

என் மகள் இந்துமதியின் ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் பரணில் கிடந்தது. மறுநாள் கொண்டுபோனேன். "தமிழ்லலா இருக்கு" என்றேன்.

"எண்ணு எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று வாங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டார்.

கப்பல் விடுபட்டுப் போன அன்றைக்குப் புத்தகம் திரும்பி வந்தது. அதோடு ஒரு நோட்டும் வந்தது. பின்னங்கள் வரைக்கும் எல்லாக் கணக்கையும் போட்டு முடித்திருந்தான். ஒன்றிரண்டு தப்பு. அண்ணாச்சி சிவப்புப் பேனாவை எடுத்து உட்கார்ந்து திருத்தினார். யாருக்குக் கொடுக்கப் போகிறார் என்று நான் கேட்கவில்லை.

இதெல்லாம் எந்தப் பதிவிலும் இல்லை. ஹாலில் வாசல் பக்கத்து மேசையில் ஒரு கையெழுத்து நோட்டு உண்டு. வருகிறவர் பெயர், கப்பல், நாடு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முன்னொரு செயலாளர் காலத்தில் தட்டச்சு செய்து முதல் பக்கத்தில் ஒட்டிய விதி இருக்கிறது: இல்லத்துக்குள் வந்து கையெழுத்திட்டவரே விருந்தினர், நோட்டை வெளியே கொண்டுபோகக் கூடாது. அந்த விதி எழுதும்போது கப்பல்காரர்கள் வாசலில் வரிசையில் நின்றார்கள். அண்ணாச்சிக்கு விதி விதிதான். போன வருடம் நோட்டில் இருந்தது அறுபத்தொரு கையெழுத்து.

அறிக்கை எழுதும் நாளில் அவர் ஒரு பக்கத்தில் மூன்று தலைப்பையும் போட்டுவிட்டு வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்தார். நான் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏணியடியில குடுத்ததையும் எழுதலாம்லா, அண்ணாச்சி" என்றேன்.

"எப்படி எழுத? கையெழுத்து இருக்கா?"

"நீங்க குடுத்தது நெசந்தான?"

"நெசந்தாம்ளா. ஆனா அது எம் பாடு. இல்லத்துக்கு வந்தது எத்தன பேருன்னு கேக்காவ. அறுவத்தொண்ணு. இத இருநூறு, முந்நூறுன்னு எழுதச் சொல்லுதியா?"

நான் மேலே பேசவில்லை. பேசாததற்கு வேறு காரணமும் இருந்தது. ஏணியடியில் நடந்ததை எழுதினால், ஹாலில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும். ஆள் வராத ஹாலைக் கூட்ட ஆள் எதற்கு? ஐம்பது நாற்காலியை வாரம் இரண்டு முறை துடைத்தேன். உட்கார்ந்து அழுக்கானது ஒன்றோ இரண்டோதான். இதைக் கமிட்டிக்காரர்கள் யோசிக்க அதிக நேரம் ஆகாது.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம். ஐந்து பேர் வந்திருந்தார்கள். அண்ணாச்சி எழுந்து நின்று அறிக்கையை வாசித்தார். ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. பயணம்: வேனில் ஏறி ஊருக்குள் போனவர்கள் இருபத்தேழு பேர், அதில் பீகார்க்காரர் ஒருவரைத் திருச்செந்தூர் கோயிலுக்குக் கூட்டிப்போனது. வாசிப்பு: ஹாலில் எடுத்த புத்தகம் பதினெட்டு. பொழுதுபோக்கு: குறிப்பிடும்படி இல்லை. வாசித்துவிட்டு உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

ஒருவர், "அப்ப பேச ஒண்ணுமில்ல" என்றார். "வேனுக்கு இப்பவே விலை கேட்டு வாராங்க."

கமிட்டியில் புதிதாகச் சேர்ந்தவர் ஜெபிஷா மேடம். கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை. வயது முப்பதுக்குள்தான் இருக்கும். மேடம் ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சாமான் லிஸ்ட்ல கேரம் போர்டு இருக்கு. இங்க காணோமே" என்றார்கள்.

அண்ணாச்சி முகம் சுருங்கியது. "அது என் தப்பு, மேடம். நான் வாங்கி வச்சிருதேன்."

"எங்க போச்சு?"

அவர் கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்தார். நான் டீத் தட்டோடு நின்றிருந்தேன். ஜெபிஷா மேடம் என்னைப் பார்த்தார்கள். "நீங்கதான இங்க பொறுப்பு? உங்களுக்குத் தெரியுமா?"

தட்டைக் கீழே வைத்தேன்.

"கப்பல்ல போயிட்டு" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். "போர்டு எப்படிம்மா கப்பல்ல போகும்?"

"மரக்கட்டை ஏத்திட்டு வந்த கப்பல். பிலிப்பைன்ஸ்காரங்க. ஷோர் பாஸ் இல்ல. ஒரு பையனுக்கு அம்மா செத்துப்போச்சுன்னு சேதி வந்து, ரெண்டு நாளாச் சாப்பிடல. கூட இருக்கவங்க வெளையாட எதுனாச்சும் கேட்டாவ. அண்ணாச்சி போர்டைத் தலையில வச்சுக் கொண்டுபோயிக் கயித்துல கட்டி ஏத்திவிட்டாவ. மறுநாள் திருப்பி வாங்கப் போறதுக்குள்ள கப்பல் போயிட்டு."

"செல்வி, போதும்" என்றார் அண்ணாச்சி.

"இருங்க வேதமணி" என்று என் பக்கம் திரும்பினார் ஜெயசிங் ஐயா. "இந்த மாதிரி எத்தன கப்பலுக்குப் போயிருக்காரு?"

"தெனமும், ஐயா."

"தெனமுமா? அறிக்கையில இல்லையே."

"கையெழுத்து இல்லாம எழுத மாட்டேன்னுட்டாவ. நோட்டை வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னு ஒட்டியிருக்குல்லா." நிறுத்தினால் பிறகு பேச்சு வராது என்று தெரிந்தது. "ஒரு நாளைக்கு இருவது, இருவத்தஞ்சு டம்ளர் கழுவுதேன். ஹால்ல குடிக்க ஆளு கெடையாது. எல்லாம் அங்கன போயிட்டு வாரதுதான்."

ஜெபிஷா மேடம் எழுந்து போய் நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டிப் படித்தார்கள். பிறகு ஜெயசிங் ஐயாவிடம் கொடுத்தார்கள். அவர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன மனுசன்யா நீரு" என்றார். கோபமாகச் சொன்னாரா, இல்லையா என்று எனக்குப் புரியவில்லை.

அண்ணாச்சியையும் என்னையும் வெளியே இருக்கச் சொன்னார்கள். வேப்பமரத்தடியில் நின்றோம். வாசலுக்கு அப்பால் காற்றாலை இறக்கை ஏற்றிய நீள லாரி ஒன்று திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். வேன் இருக்கட்டும். வேதமணி இருக்கட்டும். வேனுக்குள்ளேயே அலமாரி அடித்துப் புத்தகங்களை வைத்துக்கொள்ளலாம். நோட்டும் இனி வேனில்தான். ஹாலை மார்ச் முடியக் காலி செய்து ஒப்படைத்துவிடலாம். ஜெயசிங் ஐயா கடைசி வரியைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துச் சொன்னார். நல்ல மனிதர்தான்.

எல்லோரும் போன பிறகு டம்ளர்களைக் கழுவி, நாற்காலிகளை ஒதுக்கி, கதவைப் பூட்டினேன். கை தானாக அந்த வேலைகளைச் செய்தது. அழுகை வரவில்லை. ஒன்பது வருடத்து அசதி அன்றைக்குத்தான் காலில் இறங்கிய மாதிரி இருந்தது. பஸ் ஸ்டாப் வரை நடப்பதற்குள் இரண்டு முறை நின்றேன்.

நிழற்குடையில் உட்கார்ந்திருந்தபோது வேன் வந்து நின்றது. அண்ணாச்சி கண்ணாடியை இறக்கினார்.

"உனக்குத் தெரியுமாளா, இப்படி ஆகும்னு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்ன?"

"கேட்டாவ. சொன்னேன்."

"நான் வாயத் தெறந்து சொல்லியிருந்தா நீ சொல்ல வேண்டாம்லா" என்றார். அவர் சொல்லியிருந்தாலும் ஹால் போயிருக்கும். என் வாயால் போனது அவர் வாயால் போயிருக்கும், அவ்வளவுதான். அதை அவருக்கு விளக்கத் தெம்பு இல்லை.

"முத்தையாபுரம் வழியாத்தான் போறேன். ஏறு" என்றார்.

வேன் கப்பல்காரர்களுக்கு மட்டும் என்பதும் ஒரு விதிதான். ஒன்பது வருடத்தில், மழை நாளில்கூட அவர் என்னை ஏறச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. எழுந்து போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். சீட்டு மெத்தென்று இருந்தது. உப்பளங்களைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் எழுப்பினார். இறங்கிக் கதவைச் சாத்தும்போது, "திங்கக்கெழம சீனாக் கப்பல் ஒண்ணு வருது" என்றார். "இருவத்திரண்டு பேராம். டீ கொஞ்சம் கூடுதலாப் போடணும்."

"சீனி தீந்திட்டு."

"வரும்போது வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்ப இடம் பார்த்துப் பின்னால் எடுத்தார்.