பாதியில் அடித்த மணி

என் மேசை இழுப்பறையில் ஓர் இரும்புக் கம்பி கிடக்கிறது. முழங்கை நீளம் இருக்கும், ஒரு முனை லேசாக வளைந்தது. அடையாற்றங்கரையில் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மின்சார மணி வருவதற்கு முன்னால், வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை இந்தக் கம்பியால்தான் அடிப்பார்கள். இதே கம்பியால்தான் எங்கள் தமிழய்யாவின் கையை உடைத்தார்கள். தலைமையாசிரியை ஆன பிறகும் இதைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை.

அப்போது நான் கணக்கு டீச்சர். கோபம் எனக்கு மூக்குமேல் வரும்; பிள்ளைகள் வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன். தமிழய்யா எனக்கு நேர்மாறு. பிள்ளைகள் வீட்டில் கேட்ட கதையை வகுப்பில் சொல்லட்டும், பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம் என்பார். "இதுங்க வாயில இருக்கறதும் தமிழ்தான் டீச்சர்" என்று என்னிடம் சண்டைக்கு வருவார். அப்படித்தான் ஒருநாள், ஆற்றோரக் குடிசையிலிருந்து வந்த ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தங்கள் கரைச்சாமியின் கதையைச் சொன்னாள். ஆடியில் கூழ் ஊற்றும்போது அவர்கள் பாடுகிற கதை அது. கரையோர நிலத்துக்காகப் பங்காளிகளே ஒருவனைத் துண்டு துண்டாக வெட்டி ஆற்றில் எறிகிறார்கள். பெற்றவள் தண்ணீரில் இறங்கி ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிச் சேர்க்கிறாள். அம்மன் அவனை எழுப்பி நிறுத்துகிறாள். அந்தக் கதைக்கு ஒரு கட்டு உண்டு என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. வெட்டுப்பட்டவன் எழுந்திருக்கும்வரை கதையை நிறுத்தக்கூடாது, கேட்பவர்கள் இடத்தை விட்டு அசையக்கூடாது. நிறுத்தினால் சொன்னவள் வீட்டில் ரத்தம் விழுமாம்.

தலை ஆற்றில் மிதக்கிற இடத்தில் மணி அடித்தது. அடுத்தது என் வகுப்பு, வாசலில் நின்றுகொண்டிருந்தேன். "மீதிய நாளைக்குக் கேக்கலாம்மா" என்று தமிழய்யா புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்தப் பெண் நகரவில்லை. "சார், அவன் இன்னும் எய்ந்துக்கல சார்" என்று அழுதாள். சொல்லி முடிக்கிற ஆசையில் அழுகிறாள் என்று நினைத்து, அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை, ஏதோ பழைய பகையில், பாலத்தடியில் அவள் அப்பாவை வெட்டிப் போட்டார்கள்; குற்றுயிராக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மறுநாள் பிரேயர் நேரத்தில் அவள் சித்தப்பா ஆட்களோடு உள்ளே நுழைந்தான். மணியடிக்கிறவரிடமிருந்து கம்பியைப் பிடுங்கினான். "கதைய பாதில நிறுத்தி எங்கண்ணன ஆஸ்பத்திரில படுக்க வெச்சிட்டியேடா!" முதல் அடி தமிழய்யாவின் வாயில் விழுந்தது. பல் தெறித்து மண்ணில் விழுந்ததைப் பார்த்தேன். அடுத்த அடியைத் தடுக்கத் தூக்கிய கை, முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி சத்தத்தோடு முறிந்தது. கீழே விழுந்தவரை நெஞ்சில் மிதித்தார்கள். நான் குறுக்கே பாய்ந்தேன். ஒருவன் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். டீச்சர் வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் என் வாயில் வந்தன. அந்தப் பெண் தூணைக் கட்டிக்கொண்டு, "என்னாலதான் அப்பாவ வெட்டிட்டாங்களா? என்னாலதானா?" என்று கத்திக்கொண்டே இருந்தாள். அடியைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் அவள் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்தாள். புடவையெல்லாம் காய்ந்த ரத்தம். கொழுந்தன் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டாள். "கம்பிய கீழ போடுடா! இவர அடிச்சா இன்னா ஆவப் போவுது?" மகளை இழுத்துத் தரையில் உட்காரவைத்தாள். "எங்க வுட்டியோ அங்கேர்ந்து சொல்லுடீ. சார், நீ உம் கொட்டு." அடித்தவர்களும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். அவள் விக்கி விக்கிச் சொன்னாள். தாய் பொறுக்கிய ஒவ்வொரு துண்டுக்கும், ரத்தம் ஒழுகும் வாயால் தமிழய்யா "உம்" என்றார். கடைசியில், "எய்ந்துக்கினான்" என்று சொல்லி முடித்தாள். அம்மா அவளை மடியில் அள்ளிக்கொண்டாள். "முடிச்சிட்ட கண்ணு. உம்மேல ஒண்ணும் இல்ல." பிறகுதான் கொழுந்தனைப் பார்த்துச் சொன்னாள்: "உங்கண்ணன் நான் கெளம்பறதுக்கு முன்னாடியே பூட்டாரு." புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, மகளையாவது காப்பாற்றலாம் என்று ஓடிவந்திருக்கிறாள். அம்மாடி, என்ன மனசு அது!

படியில் விழுந்துவிட்டேன் என்று தமிழய்யா போலீஸில் சொன்னார். கை கோணலாகவே கூடியது. ஓய்வு பெறும்வரை அந்தக் கையால்தான் கரும்பலகையில் எழுதினார். பிறகு அந்தக் குடிசைகளை இடித்து, அத்தனை பேரையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்த் தள்ளிவிட்டார்கள். கதையைச் சொல்ல அந்தப் பிள்ளைகள் இல்லை, நான் சொல்கிறேன். சொல்கிற நாளில் மணியின் சுவிட்சை அணைத்துவிட்டு, கம்பியைக் கையோடு எடுத்துப் போவேன். போன ஆடியில் ஆய்வுக்கு வந்த அதிகாரி, சரியாகத் தலை மிதக்கிற இடத்தில் வகுப்புக்குள் வந்து நின்றார். "என்ன மேடம், பீரியட் எப்பவோ முடிஞ்சிருச்சே?" என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"அவன் இன்னும் எழுந்திருக்கல சார். உட்காருங்க" என்றேன். என் கையிலிருந்த கம்பியை ஒருமுறை பார்த்தார். பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்.