மதிலுக்கு வெளியே ஒரு தீ

கிளாட்வின் நெடுங்காலம் தூத்துக்குடி தீயணைப்பு நிலையத்தில் வண்டி ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் உப்பளங்களுக்கு நடுவே புதிதாக எழுந்த கண்டெய்னர் யார்டில் அதே வேலைக்குச் சேர்ந்தார். வெளிநாடுகளோடு வர்த்தக ஒப்பந்தமாகி, வரி குறைந்து, இறக்குமதி பெருகியதில் ஊரைச் சுற்றிப் பல யார்டுகள் வந்திருந்தன. ஊருக்கான தீயணைப்பு வண்டிகள் மட்டும் கூடவில்லை. யார்டின் சொந்த வண்டியோ, அவர் தொட்டதிலேயே சிறந்தது.

சித்திரை வெயிலில் ஒரு மதியம், மதிலுக்கு வெளியே உப்பளத் தொழிலாளர் குடிசைகளில் தீப்பிடித்தது. நகரத்திலிருந்து கிளம்பிய தீயணைப்பு வண்டி, துறைமுகச் சாலையை அடைத்து நின்ற டிரெய்லர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது.

கிளாட்வின் மேலாளர் சண்முகப்ரியாவிடம் ஓடினார்.

“மேடம், கேட்டைத் திறக்கச் சொல்லுங்க. வீடு எரியுது.”

அவளும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“அண்ணாச்சி, உள்ள ரசாயனக் கண்டெய்னர் இறங்கிட்டிருக்கு. நம்ம வண்டி வெளிய போனப்புறம் இங்கன தீப்பிடிச்சா என்ன செய்வீய?”

அதில் பொய் இல்லை. அவருக்கும் தெரியும்.

“அப்ப இறக்குறத நிப்பாட்டுங்க.”

“துறைமுகத்துல கப்பல் காத்துக்கிடக்கு. மேல கேக்காம முடியாது.”

அவள் போன் செய்தாள். மறுமுனையில் காத்திருக்கச் சொன்னார்கள். சிறிது நேரம் அவரும் காத்திருந்தார். பிறகு போய் வண்டியைக் கிளப்பினார். சைரனைக் கேட்டு காவலாளி கேட்டைத் திறந்துவிட்டார்.

பெரும்பாலான வீடுகள் தப்பின. முதல் வீட்டில், இடுப்பொடிந்து படுக்கையில் கிடந்த அய்யாக்குட்டி புகையில் மூச்சடைத்து இறந்துபோயிருந்தார். கிளாட்வின்தான் அவரைத் தூக்கி வந்து தரையில் கிடத்தினார். அய்யாக்குட்டியின் மனைவி செல்லத்தாய் கிளாட்வினின் சட்டையைப் பற்றிக்கொண்டாள்.

“கொஞ்சம் முந்தி வந்திருக்கக் கூடாதா அண்ணாச்சி?”

கிளாட்வினுக்கு வேலை போயிற்று. அன்று வண்டி வெளியே போனதும், மேலிடத்துப் பதிலுக்குக் காத்திராமல் தானாகவே சரக்கிறக்கத்தை நிறுத்திய சண்முகப்ரியாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

அந்தப் பக்கத்துக்கென ஓர் அரசு தீயணைப்பு வண்டி கேட்டு, கிளாட்வினும் செல்லத்தாயும் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமை மனு நாளில் போய் நின்றார்கள்.

“யார்டுலயே நல்ல வண்டி இருக்கே, தனியா எதுக்கு?” என்றார் அதிகாரி.

“அது வெளிய வராது சார்.”

“அன்னைக்கு வந்துச்சே?”

செல்லத்தாய் சொன்னாள்.

“கொண்டுவந்தவரை வேலையை விட்டு அனுப்பிட்டாவ சார்.”

அதிகாரி மனுவை வாங்கிக்கொண்டார். வண்டி இன்னும் வரவில்லை. திங்கள்கிழமைகளில் இருவரும் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.